‘படிக்கிற பொண்ணுக்கு எதுக்கு பி.டி.?’



இந்தப் பதிவை எழுத எனக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது. இதில் தப்பு செய்தவள் நான் என்பதுதான் காரணம்.

போன வருடம் மே மாதக் கடைசியில், நாங்கள் நடத்தும் மாலைநேர டியூஷன் மையத்துக்கு ஒரு தங்கை கையில் விண்ணப்பத்தோடு வந்தாள். எட்டாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரிந்தவள். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்திருந்தாள், நல்ல மதிப்பெண். அப்பா பெயின்டர். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். எம்.எஸ்சி. விண்ணப்பமாகத்தான் இருக்கும் என்று நினைத்து வாங்கிப் பார்த்தால் பி.பி.எட். இரண்டு வருட உடற்கல்வியியல் பட்டம்.

யோசிக்கக்கூட இல்லை. “நல்லா படிக்கிற பொண்ணு நீ. உனக்கு எதுக்கு பி.டி.?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. படிவத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டாள். “நீங்களும் எங்க கெமிஸ்ட்ரி மேடம் மாதிரியே பேசுறீங்கக்கா” என்றாள். அந்த மேடம் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். ப்ளஸ் டூ படிக்கும்போது இவள் மாவட்ட அளவில் 800 மீட்டர் ஓடிவிட்டு வந்த மறுநாள், “ஓட்டம் மட்டும் நல்லா வருது உங்களுக்கெல்லாம்” என்று வகுப்பில் சொன்னவர். அந்த ‘உங்களுக்கெல்லாம்’ என்ற சொல்லுக்காக அன்று அழுதுகொண்டு வந்தவளிடம் ஒரு மணி நேரம் பேசித் தேற்றியவளும் நான்தான். அதே நான் நான்கு வருடம் கழித்து அதே இடத்தில் போய் நிற்கிறேன்.

நான் சமூகவியலில் முதுகலை படித்தவள். உடல் உழைப்பு கீழானது, மூளை உழைப்பு மேலானது என்ற பிரிவினையைச் சாதிதான் உண்டாக்கிக் காப்பாற்றி வருகிறது என்று எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். ஒரு படிவத்தைப் பார்த்ததும் அத்தனையும் பறந்துவிட்டது. நம் பிள்ளை வகுப்பறைக்குள் நிற்க வேண்டும், கிரவுண்டில் நிற்கக்கூடாது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தக் காரணத்தையும் அதில் இருக்கும் ஓட்டையையும் சேர்த்தே பேச வேண்டும்.

காரணம் இதுதான். பள்ளிக்கூடத்தில் கோடு போட, பெஞ்சு தூக்க, ஆண்டுவிழாவுக்குப் பந்தக்கால் நட யாரைக் கூப்பிடுகிறார்கள்? கணக்கு வகுப்பின் பாதியில் எழுப்பி அனுப்பப்படுகிறவர்கள் எந்தத் தெருப் பையன்கள்? “உங்க பசங்களுக்கு ஒடம்புல வலு ஜாஸ்தி” என்று ஒரு பாராட்டு உண்டு. நம் தாத்தாக்களிடம் இதைச் சொல்லித்தான் மூட்டை தூக்க வைத்தார்கள், குழி வெட்ட வைத்தார்கள், செத்த மாட்டை இழுக்க வைத்தார்கள். அதே பாராட்டு பள்ளிக்கூடத்துக்குள் வந்து, “உனக்கு ஸ்போர்ட்ஸ் நல்லா வரும்பா, அதுல போ” என்று ஆசிரியர் வாயில் மாறும்போது நமக்குச் சந்தேகம் வரத்தான் வேண்டும். அவன் கணக்கில் கொஞ்சம் தடுமாறுகிறான், சொல்லிக்கொடுக்கப் பொறுமையில்லை, கிரவுண்டுக்குத் தள்ளிவிடுகிறார்கள். இப்படித் தள்ளப்பட்டு வந்த பையன்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களில் சிலர் நம் மையத்துக்கே வந்திருக்கிறார்கள்.

ஓட்டை இதுதான். தள்ளப்பட்டவனுக்கும், தேர்ந்தெடுத்துப் போகிறவளுக்கும் நான் வித்தியாசம் பார்க்கவில்லை. அதைவிட மோசம், அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. விசில், தொப்பி, ‘லெப்ட் ரைட்’ என்பதைத் தாண்டி நான் எதையும் நினைத்துப் பார்த்ததில்லை. அவள் சேர்ந்த பிறகுதான் அவளுடைய பாடப் புத்தகங்களைப் புரட்டினேன். உடற்கூறு, உடலியங்கியல், இயக்கவியல், உளவியல், விளையாட்டு மருத்துவம், அளவீடும் மதிப்பீடும், சுகாதாரக் கல்வி, யோகா, கற்பித்தல் பயிற்சி என்று போகிறது. விலங்கியல் படித்தவளுக்கு இது தொடர்ச்சிதான், இறக்கம் ஒன்றுமில்லை. தவளையின் தசையைப் படித்தவள் இப்போது மனிதத் தசையைப் படிக்கிறாள், அவ்வளவே.

தமிழ்நாட்டுக்கு இந்தப் படிப்பு புதிதும் இல்லை. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் நடக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராகப் போனவரும் அவர்தான். இப்போது மேலக்கோட்டையூரில் இந்தப் படிப்புகளுக்கென்றே ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கல்லூரிகள் அதன் கீழ் வருகின்றன. நூறு வருடத்துக்கு மேல் வரலாறு உள்ள ஒரு துறையை ‘பி.டி.’ என்ற இரண்டு எழுத்தில் நக்கல் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

சரி, நமக்கு இதில் என்ன இருக்கிறது? இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

முதலில் மூச்சு. உடலியங்கியலில் ‘அதிகபட்ச ஆக்சிஜன் நுகர்வு’ என்று ஒரு பாடம் வரும். ஒருவரின் உடல் கடும் உழைப்பின்போது நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்த முடியும் என்ற அளவு. அதை மதிப்பிட 12 நிமிட ஓட்டத் தேர்வு வைப்பார்கள். மூச்சு எப்படி நுரையீரலுக்குள் போகிறது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் அதை எப்படித் தூக்கிக்கொண்டு போகிறது, தசைக்குள் செல் அதை எப்படி எரிக்கிறது என்று படம் படமாக இருக்கும். உதாரணம் எல்லாம் மாரத்தான் வீரர்கள், சைக்கிள் வீரர்கள். தங்கை அந்தப் பாடத்தை எனக்கு விளக்கியபோது நான் கேட்டேன்: “கழிவுநீர்த் தொட்டிக்குள்ள எறங்குறவங்களுக்கு என்ன ஆகுது?” புத்தகத்தில் இல்லை. ஆனால் புத்தகத்தை வைத்தே அவளால் சொல்ல முடிந்தது. ஹைட்ரஜன் சல்பைடு வாயு அதிகமாக இருந்தால் முதலில் மோப்ப நரம்பு செத்துவிடும், அதனால் நாற்றம் போய்விட்டது என்று ஆள் தைரியமாக இறங்குவார். அடுத்து, செல் ஆக்சிஜனை எரிக்கும் இடத்தையே அது அடைத்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடம்பால் பயன்படுத்த முடியாது. ஒன்றிரண்டு மூச்சில் மயங்கி விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் அப்படியே விழுகிறார். செய்தித்தாளில் ‘அடுத்தடுத்து பலி’ என்று நாம் படிக்கிறோமே, அதன் விளக்கம் இதுதான்.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தீர்ப்புகளை மனப்பாடமாகச் சொல்லும் நம் இயக்கத் தோழர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தொட்டிக்குள் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியும்? எனக்குத் தெரியாது. ‘போதையில் இருந்தார், அதனால் செத்தார்’ என்று ஒப்பந்ததாரர் சொல்லும்போது, அதை மறுத்துப் பேச உடலியங்கியல் படித்த ஒருவர் நம் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

இரண்டாவது இடம் ரத்தம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019-21-இல் எடுத்தது, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு போக வண்டியே குறைவாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட பிள்ளை 200 மீட்டர் ஓடியதும் மூச்சு வாங்கி உட்காரும். அதைப் பார்த்து நம் ஆசிரியர்கள் என்ன சொல்கிறார்கள்? சோம்பேறி, நடிக்கிறாள், ‘அதுங்க ஓடாதுங்க’. உடற்கல்வி ஆசிரியருக்குச் சுகாதாரக் கல்வியும் பாடமாக இருப்பது எதற்கு? ஓடாத பிள்ளையைப் பார்த்து முதலில் கண் இமையை இறக்கிப் பார்ப்பதற்குத்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் உடம்பை தினமும் பார்க்கிற ஒரே பெரியவர் அவர்தான். கணக்கு ஆசிரியர் நோட்டைப் பார்க்கிறார். பி.டி. ஆசிரியர் பிள்ளையின் நடையை, காலை, மூச்சைப் பார்க்கிறார். அடி வாங்கிய தழும்பையும் அவர்தான் முதலில் பார்ப்பார்.

இவ்வளவு இருந்தும் பாடத்திட்டத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. உடற்கல்வியின் வரலாறு என்று ஒரு தாள். கிரேக்கத்தில் தொடங்குகிறது, ஸ்பார்ட்டா வருகிறது, ஒலிம்பிக் இயக்கம் வருகிறது, இந்தியாவில் குருகுலம், மல்யுத்தக் களம் என்று வருகிறது. சாதி வருவதில்லை. எல்லா உடம்பும் ஒரே மைதானத்தில் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கியதுபோல எழுதியிருக்கிறது. பல்வங்கர் பாலு யார் என்று அவளுடைய வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்றும் எனக்குச் சந்தேகம்தான்.

பாலு, செருப்புத் தைக்கும் சாம்பார் சாதியில் பிறந்தவர். புனேயில் ஐரோப்பியர்களின் கிரிக்கெட் கிளப்பில் மைதான வேலை பார்த்தவர், வெள்ளைக்காரர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசி வீசியே பெரிய சுழற்பந்து வீச்சாளர் ஆனார். இந்து அணிக்கு அவர் வேண்டும், ஏனென்றால் அவர் இல்லாமல் ஐரோப்பியர்களை ஜெயிக்க முடியாது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தனி மண்குவளையில். 1911-இல் இங்கிலாந்துக்குப் போன அகில இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். இந்து அணிக்குத் தலைவராக மட்டும் அவரை ஆக்கவில்லை. அவர் தம்பி விட்டல்தான், பல வருட இழுபறிக்குப் பிறகு, 1923-இல் அந்த இடத்துக்கு வந்தார். பாலுவை நம் சுவரொட்டியில் சுலபமாக ஒட்டிவிடவும் முடியாது. 1937 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றவர் அவர். அதனாலேயே அவரைப் படிக்க வேண்டும் என்கிறேன். நூறு வருடம் கழித்து, 2021 ஒலிம்பிக் ஹாக்கி அரையிறுதியில் இந்தியப் பெண்கள் அணி தோற்ற அன்று, வந்தனா கட்டாரியாவின் வீட்டின் முன்னால் பட்டாசு வெடித்து, சாதி சொல்லித் திட்டியதாக அவர் குடும்பம் புகார் கொடுத்தது. தோற்றது அணி, திட்டு விழுந்தது ஒரு சாதிக்கு.

பிரெஞ்சு சமூகவியலாளர் மார்செல் மாஸ் 1934-இல் ஓர் உரை நிகழ்த்தினார். நடப்பது, நீந்துவது, மண்வெட்டி பிடிப்பது எல்லாமே சமூகம் கற்றுக்கொடுப்பவை, இயற்கையானவை அல்ல என்றார். எம்.ஏ.-வில் அதைப் பரீட்சைக்காகப் படித்தேன். தங்கை நீச்சல் பயிற்சிக்குப் போய்த் தண்ணீருக்குள் இறங்கவே பயந்து நின்றாள் என்று கேட்டபோதுதான் அந்த உரை எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் நீச்சல் பழகுவது விவசாயக் கிணற்றில். கிணறு யாருடையது? நம் பிள்ளைகள் கிணற்றில் குதித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வகுப்பில் கூடப் படிக்கிறவர்கள் “இவ்ளோ ஓடுற, நீந்தத் தெரியாதா?” என்று சிரித்திருக்கிறார்கள். பயிற்சியாளரும் சிரித்திருக்கிறார். அவருக்கு யாராவது அந்தக் கிணற்றைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்திருந்தால் சிரித்திருக்க மாட்டார் என்றே நம்ப விரும்புகிறேன்.

சேர்வதற்கே ஒரு வாசல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பி.பி.எட். சேரப் பட்டம் இருந்தால் மட்டும் போதாது. பள்ளி, மாவட்ட அளவிலோ கல்லூரிகளுக்கிடையிலோ விளையாடிய சான்றிதழ் கேட்கிறார்கள், அப்புறம் உடற்திறன் தேர்வு. அந்தச் சான்றிதழ் எங்கே தொடங்குகிறது? ஆறாம் வகுப்பில், பி.டி. ஆசிரியர் “நீ வா” என்று விரல் நீட்டுவதில். நல்ல கிரவுண்டு ஊர்ப்பக்கம் இருக்கும். காலனிப் பிள்ளை காலை ஐந்தரைக்குப் பயிற்சிக்கு வர ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். தங்கை ஏரிக்கரையில் ஓடிப் பழகியவள், ஊர்த்தெரு வழியாக டிராக் பேண்ட் போட்டு ஓடக்கூடாது என்று அவள் அப்பாவே தடுத்திருந்தார். அவருக்குப் பெண் பிள்ளை பற்றிய பயம், தெரு பற்றிய பயம், இரண்டும் ஒன்றாகக் கலந்த பயம்.

கபடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் தொட்டால் தீட்டு, கோட்டுக்குள் தொட்டால் பாயின்ட். இதைவிடச் சாதிக்கு எதிரான விளையாட்டு உண்டா என்று தோன்றும். நடைமுறையில் தெருவுக்கு ஓர் அணி, பனியனில் சாதித் தலைவர் படம், நம் அணி ஜெயித்தால் அன்று இரவு காலனிக்குள் கல். பள்ளி அணி ஒன்றில்தான் இரண்டு தெருப் பையன்களும் ஒரே பக்கம் கைகோத்து நிற்க முடியும். அந்த அணியை அமைக்கிறவர் உடற்கல்வி ஆசிரியர். அந்த அதிகாரத்தின் அளவு அவருக்கே தெரிவதில்லை.

அவருக்குத் தெரிந்த அதிகாரம் வேறு. கையில் பிரம்பு. பள்ளியின் ‘ஒழுங்கு’ அவர் பொறுப்பு. காலையில் வாசலில் நின்று முடியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். சைடு கட்டிங், கலர் அடித்த முடி என்றால் வெளியே. நானும் பார்த்திருக்கிறேன், அதிகமாகப் பிடிபடுவது நம் பையன்கள். நம் பையனுடைய முடி ஒழுக்கக்கேடாகத் தெரிகிறது. அதே வாசலில், தென் மாவட்டங்களில் கையில் சாதிக் கயிறு கட்டிய பையன்கள் வருடக்கணக்காகச் சாதாரணமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019-இல் பள்ளிக்கல்வித் துறை அனுப்பிய சுற்றறிக்கைக்கு எதிர்ப்பு வந்து அப்படியே அடங்கிப்போனது. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் உடன் படித்த மாணவர்களே ஒரு தலித் மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் என்று சாதி அடையாளங்கள் பள்ளிக்குள் கூடாது என்றது. நாளை அந்த வாசலில் நின்று கயிற்றை அவிழ்க்கச் சொல்லப் போகிறவர் யார்? பெரும்பாலும் அதே பி.டி. ஆசிரியர்தான். அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர், என்ன படித்து வந்தவர் என்பது முக்கியமில்லையா?

வேலை பற்றி ஏமாற்றாமல் சொல்லிவிட வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வகுப்புவரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம், சுகாதாரமும் உடற்கல்வியும், தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் ‘பகுதிநேரப் பயிற்றுநர்’ வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பகுதிநேரம்! சட்டமே அந்த ஆசிரியரைப் பாதி ஆளாகத்தான் பார்க்கிறது. 2012-இல் தமிழ்நாட்டு அரசு 16,549 பேரை அப்படி எடுத்தது. வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய், மே மாதம் சம்பளம் கிடையாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். பணி நிரந்தரம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி வந்தது. அதை நிறைவேற்றச் சொல்லி அவர்கள் சென்னையில் எத்தனை முறை தெருவில் உட்கார்ந்தார்கள், எத்தனை முறை போலீஸ் வேனில் ஏற்றப்பட்டார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ள முடியவில்லை. இது நம் போராட்டப் பட்டியலில் ஏன் இல்லை என்று தோழர்களைக் கேட்கிறேன். தனியார் பள்ளி வேலை இருக்கிறது, உடற்பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன, போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் மையங்கள் இருக்கின்றன. எம்.பி.எட்., ஆராய்ச்சி என்று மேலே போனால் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் பணி உண்டு. அந்த மேல்படியில் நம் ஆட்கள் குறைவாகத்தான் கண்ணில் படுகிறார்கள்.

பணம் இன்னொரு தடை. பட்டியல் சாதி மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு, குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம். தனியார் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்பதற்கு 2012-இல் வந்த அரசாணை 92 இருக்கிறது. சேரும்போதே கையில் அதன் நகலோடு போங்கள், “முதல்ல கட்டுங்க, வந்ததும் திருப்பித் தரோம்” என்பார்கள். கட்டணத்தை உதவித்தொகை பார்த்துக்கொள்ளும். ஷூவைப் பார்த்துக்கொள்ளாது. மற்ற பட்டப்படிப்பில் இரண்டு சுடிதாரை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிவிடலாம். இங்கே ஓட ஒரு ஷூ, வெள்ளை உடை, டிராக் சூட், நீச்சல் உடை என்று வரிசையாக வரும். காலையும் மாலையும் உடம்பைக் கசக்கிவிட்டு விடுதியில் ரசம் சாதம் சாப்பிட்டால் தாங்காது, முட்டையும் பாலும் சுண்டலும் வேண்டும். முதல் செமஸ்டரில் தங்கை ஐந்து கிலோ இறங்கிவிட்டாள். சுகாதாரத் தாளில் சரிவிகித உணவு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாளாம், ராத்திரி பசியோடு.

அந்த ஷூவை நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாங்கிக் கொடுத்தோம். பெருமைக்குச் சொல்லவில்லை. மருத்துவம், பொறியியல், சட்டம் என்றால் ஊரே கூடிப் பணம் திரட்டுகிறோம், பேனர் வைக்கிறோம். பி.பி.எட். பிள்ளைக்கு ஒரு ஜோடி ஷூ கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்பதை இந்தப் பதிவின் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கல்லூரியில், பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறை ஓர் ஓரத்தில் இருக்கும். நம் வாசகர் வட்டத்துக்கு அவர்களைக் கூப்பிட்டிருக்கிறோமா? நான் படித்த காலத்தில் சமூகவியல் துறைக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு மைதானம் மட்டும்தான் தூரம், இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் அதைத் தாண்டவில்லை. இப்போது உடற்கல்வி படிக்கிறவர்களே, உங்கள் எம்.பி.எட். ஆய்வுக்கு ‘ஆறு வார பிளையோமெட்ரிக் பயிற்சியின் விளைவு’ என்று இன்னொரு தலைப்பு எடுப்பதற்கு முன், தூய்மைப் பணியாளர்களின் நுரையீரல் திறன் என்று ஒரு தலைப்பை உங்கள் வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். கருவிகள் உங்கள் ஆய்வகத்திலேயே இருக்கின்றன. மறுத்தால், ஏன் மறுத்தார் என்பதை எழுதி வையுங்கள், அதுவும் தரவுதான்.

தங்கை போன செமஸ்டரில் கற்பித்தல் பயிற்சிக்கு ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள். ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு முதல் பீரியட் பி.டி. பாதிப் பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். காரணம் கேட்டால் சிரித்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, “காலைல என்ன சாப்ட?” என்று கேட்டிருக்கிறாள். முதலமைச்சரின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இவர்கள் ஒன்பதாம் வகுப்பு. மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் டீயோடு வந்தவர்கள், சிலர் டீயும் இல்லாமல். தலைமையாசிரியரிடம் போய், பி.டி. பீரியடை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி மணிக்கு மாற்றித் தரக் கேட்டாள். பயிற்சிக்கு வந்த பிள்ளை டைம் டேபிளை மாற்றச் சொல்கிறதே என்று அவர் முதலில் முறைத்திருக்கிறார். அப்புறம் ஒரு வாரத்துக்கு மட்டும் என்று சம்மதித்தார். அந்த வாரம் மரத்தடியில் இரண்டு பேர்தான் உட்கார்ந்திருந்தார்களாம்.

வாரம் முடிந்ததும் பழையபடி முதல் பீரியட். அவள் விடவில்லை. இப்போது விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறாள், நம் மையத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறாள். கிராம சுகாதார செவிலியரிடம் பேசி, வரும் சனிக்கிழமை காலை காலனி சமுதாயக் கூடத்தில் முகாம் வைத்திருக்கிறோம். “இரும்புச்சத்து மாத்திரை ஸ்டாக் இல்லன்னு சொல்லிட்டா என்னக்கா பண்றது?” என்று நேற்று கேட்டாள். அப்படிச் சொன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மனு எழுதிக்கொண்டு போகலாம் என்றேன். மனுவை அவளே எழுதிவிட்டாள், என் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.